முதுகு காட்டும் தட்டுகள்: நாகர்கோவில் நடையில் எடுத்த டிஷ் படங்கள்

நடைவண்டி | ஞாயிறு, இரவு 9:10

சர்க்கரை கூடிப்போனதால் டாக்டர் தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். எட்டு மாதமாகச் சாயங்காலம் ஐந்தரைக்குக் கோட்டாறில் கிளம்பி செட்டிகுளம், வேப்பமூடு, கோர்ட் ரோடு, வடசேரி என்று ஒரு சுற்று. முதல் இரண்டு மாதம் தரையைப் பார்த்தே நடந்தேன். நம்ம ஊர் ஓடை மூடிகளைத் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் கழுத்து வலிக்கிறதே என்று அண்ணாந்தபோதுதான் கண்ணில் பட்டது. நாலு மாடி அபார்ட்மென்ட், உச்சியில் கைப்பிடிச் சுவர் நெடுக டிவி டிஷ். எண்ணினேன், பதினேழு. கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் மாதிரி. போனில் ஒரு படம் எடுத்தேன். அதோடு பழக்கமாகிவிட்டது, இன்றைக்கு 214 படம் சேர்ந்திருக்கிறது.

தனி வீடுகளை எடுப்பதில்லை, அபார்ட்மென்ட் மட்டும்தான். தனி வீட்டில் ஒரு டிஷ் இருந்தால் அது அந்த வீட்டு விஷயம். அபார்ட்மென்டில் ஒருத்தரை ஒருத்தர் கேட்காமல் மாட்டியிருக்கிறார்கள், ஆனாலும் எல்லாத் தட்டும் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்க்கிறது. எதிர்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட இதில் ஒற்றுமை.

சிக்கல் என்னவென்றால், 214 படத்தில் இருநூறுக்கு மேல் முதுகுதான். துரு, சிமென்ட் கறை, நட்டு போல்ட். முகத்தைக் காட்டவே மாட்டேன் என்கிறது. நான் போகிற வழி சரியில்லையா, நேரம் சரியில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வில்லுக்குறி வெயில் | ஞாயிறு, இரவு 9:34

வேற சோலி இல்லையா அண்ணாச்சி? சரி, படத்தைப் போடுங்க பாப்போம்.


தக்கலை மீட்டர் | ஞாயிறு, இரவு 11:02

அண்ணாச்சி, 2007-லிருந்து 2019 வரைக்கும் நான் இந்தத் தட்டு மாட்டுற சோலிதான் பார்த்தேன். தக்கலை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம், நாகர்கோவில் எல்லாம் சுத்தியிருக்கேன். உங்க கேள்விக்கு நான் சொல்லுகேன்.

உங்க மேல தட்டுக்கு ஒரு கோபமும் இல்ல. டிவி சாட்டிலைட் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு மேல 35,786 கிலோமீட்டர் உயரத்துல நிக்குது. நம்ம மாவட்டம் 8 டிகிரி வடக்கு. அதாவது கன்னியாகுமரி முனையிலிருந்து கடல் வழியா நேர் தெற்கே சுமார் 900 கிலோமீட்டர் போனா நிலநடுக்கோடு. நாம இருக்கது 77 டிகிரி சொச்சம் கிழக்கு. நம்ம ஊர்ல ஓடுற சாட்டிலைட் எல்லாம் நமக்குக் கிழக்கே: டிஷ் கம்பெனியில டாட்டாவுக்கு 83 டிகிரி, டி2எச்சுக்கு 88, சன்னுக்கு 91.5, தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்ஷுக்கு 93.5, ஏர்டெல்லுக்கு 108.2. அதனால ஒரு தட்டும் மேற்கே பார்க்காது, எல்லாம் தென்கிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவுலதான். நீங்க சாயங்காலம் மேற்குப் பக்கத்து ரோட்டுல நின்னுக்கிட்டு, அஸ்தமன வெளிச்சத்துல எடுக்கிய. முதுகு தெரியாம என்ன தெரியும்? காலைல போங்க. கட்டடத்துக்குக் கிழக்கே நில்லுங்க. சூரியனும் உங்க முதுகுக்குப் பின்னால இருந்து தட்டு மூஞ்சில அடிக்கும்.

இன்னொண்ணு. கட்டடத்துக்கு ஒட்டி நிக்காதீங்க. டெல்லில 83 டிகிரி சாட்டிலைட்டுக்கு வானத்துல 56 டிகிரி உயரம் வச்சாப் போதும். நம்ம ஊர்ல அதே சாட்டிலைட் 78 டிகிரி, ஏறத்தாழ தலைக்கு மேல. அதனால தட்டு மல்லாந்து கிடக்கும், சோறு போட்டா நிக்கும்ங்கிற மாதிரி. கீழ நின்னு பார்த்தா அடிவயிறுதான் தெரியும். கட்டடம் எவ்வளவு உயரமோ அதுல ஒண்ணரை மடங்கு தூரம் தள்ளி நின்னாத்தான் உள்பக்கம் கண்ணுல படும்.


நடைவண்டி | திங்கள், காலை 5:50

தம்பி, எட்டு மாதம் நடந்ததில் தெரியாதது ஒரு ராத்திரியில் தெரிந்தது. இதோ கிளம்புகிறேன். ஒரு சந்தேகம். எல்லாம் "ஏறக்குறைய" ஒரே பக்கம் என்றேன் இல்லையா, ஆனால் படத்தில் இரண்டு மூன்று மட்டும் வரிசையை விட்டு நிமிர்ந்து நிற்கிறது. சரியாக மாட்டாததா?


தக்கலை மீட்டர் | திங்கள், காலை 7:15

அது சரியாத்தான் மாட்டியிருக்கு. நிமிர்ந்து கிழக்கே பார்க்கது 108.2, அதாவது ஏர்டெல். அந்தச் சாட்டிலைட் இந்தோனேசியாப் பக்கம் தள்ளி நிக்கதால நமக்கு 53 டிகிரி உயரம்தான், திசையும் கிழக்கிலிருந்து கொஞ்சம்போலத் தெற்கு. 83-க்கு உள்ளது நல்லா மல்லாந்து தென்கிழக்கே பார்க்கும். 91.5, 93.5 ரெண்டும் நடுவுல, 70 டிகிரி பக்கம். பெயின்ட் உரிஞ்சு கம்பெனி பேரு போனாலும் சாய்வைப் பார்த்தே சொல்லிடலாம். பேரை நம்பவும் கூடாது கேட்டியளா. மாசக் காசு கட்ட முடியாம விட்டவிய நிறைய பேர் அதே தட்டைக் கொஞ்சம் திருப்பி ஃப்ரீ டிஷ் பாக்ஸ் போட்டிருப்பாவ. தட்டுல ஒரு கம்பெனி பேரு, பார்க்கது வேற சாட்டிலைட்.

நம்ம ஊருக்குத் தென்னை ஒரு தனிச் சள்ளை. 78 டிகிரின்னா தோப்புக்கு நடுவுல மாட்டினாலும் மட்டைக்கு மேல போயிடும். 53 டிகிரின்னா கிழக்கே ஒரு தென்னை நின்னாப் போதும். மாட்டும்போது சிக்னல் நல்லா இருக்கும், ரெண்டு வருசத்துல மரம் வளர்ந்து மட்டை குறுக்க வந்திடும். "தம்பி, காத்தடிச்சா டிவி நிக்குது"ன்னு போன் வரும். போய்ப் பார்த்தா மட்டை ஆடுது. மரத்தை வெட்டச் சொன்னா யாராவது வெட்டுவாவளா? தட்டைத்தான் மாத்தணும்.


குளச்சல் உப்பு | திங்கள், காலை 8:40

கடற்கரைப் பக்கம் வந்து எடுங்க அண்ணாச்சி. நாகர்கோவில் டிஷ் பத்து வருசம் நிக்கும்னா எங்க ஊர்ல அதுல பாதி நின்னாலே பெரிசு. உப்புக்காத்து முதல்ல போல்டைத் தின்னும், பொறவு குழாயை, கடைசில தட்டு விளிம்பை. எங்க வீட்டுத் தட்டு விளிம்பு அப்பளம் மாதிரி உதிர்ந்துச்சு.

2017 நவம்பர் 30 யாருக்கும் மறக்காது. ஒக்கிப் புயல் அன்னைக்கு எங்க தெருவுல தட்டு ஒண்ணும் மிச்சமில்ல. எங்களுடையது ரெண்டு வீடு தள்ளி ஒரு முருங்கையில கிடந்துச்சு. கரண்ட் வர நாள் கணக்காச்சு, டிவி பத்தி யார் கவலைப்பட்டா. கடலுக்குப் போனவங்க வரலைங்கிறதுதான் பேச்சு. பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுத்தி ஊரே நின்னுச்சு. அதுக்கப்புறம் மாட்டினவங்க எல்லாரும் ரெண்டு கம்பி கூடுதலா வச்சு இழுத்துக் கட்டியிருக்காங்க. நீங்க இங்க எடுத்தா அந்தக் கம்பியையும் சேர்த்து எடுங்க.


மொட்டைமாடி | செவ்வாய், மதியம் 2:20

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படிக்கிறேன். எல்லோரும் ரசிக்கிறீர்கள். எனக்கு ரசிக்க முடியவில்லை.

நான் இருப்பது வெட்டூர்ணிமடம் பக்கம் ஒரு அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. கடைசியாகக் குடிவந்ததால் மேலே இடமில்லை என்று எங்கள் டிஷ்ஷைப் பால்கனிக் கம்பியில் மாட்டினார்கள். அதே பால்கனியில்தான் துணி காயும். மாமியார் குளித்துவிட்டு அங்கேதான் உட்கார்ந்து முடி உலர்த்துவார். கீழே ரோட்டில் ஒரு ஆண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால், அவர் டிஷ் எடுக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? போன மாதம் அப்படி ஒருவர் நின்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வாட்ச்மேன் போய்க் கேட்பதற்குள் அவர் போய்விட்டார். அது நீங்கள்தானா என்று கேட்கவில்லை. நீங்களாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கு எனக்கு நடந்தது ஒன்றுதான்.


தக்கலை மீட்டர் | செவ்வாய், மதியம் 2:51

அக்கா, பால்கனின்னா ஏர்டெல்தானே? நம்ம ஊர்ல மத்ததைப் பால்கனில வச்சா மேல்மாடி சிலாப் மறைக்கும், தட்டைத் தாங்குற கம்பியை வெளியே நீட்டி வச்சாத்தான் கிடைக்கும். கிழக்குப் பார்த்த பால்கனியா இருக்கும்.


மொட்டைமாடி | செவ்வாய், மதியம் 3:05

ஆமாம், ஏர்டெல். கிழக்குதான். நான் மாடி எண் மட்டும்தான் சொன்னேன். வீட்டைப் பார்க்காமலே அந்தத் தம்பிக்கு இவ்வளவு தெரிகிறது என்றால், படத்தில் பார்க்கிறவர்களுக்கு இன்னும் எவ்வளவு தெரியும்? நான் சொல்ல வந்ததை நீங்களே எனக்காகச் சொல்லிவிட்டீர்கள்.


தக்கலை மீட்டர் | செவ்வாய், மதியம் 3:12

தப்புத்தான் அக்கா. பழைய சோலிப் புத்தி. அதை அங்க எழுதியிருக்கக் கூடாது.


வில்லுக்குறி வெயில் | செவ்வாய், மாலை 5:30

ரோட்டுல நின்னு கட்டடத்தைப் படம் எடுக்கது குத்தமா? ஊரெல்லாம் சிசிடிவி இருக்கு, அதை யாரும் கேக்கதில்ல.


கறுப்புக்கோட்டு | செவ்வாய், இரவு 8:45

வில்லுக்குறி அண்ணன் கேட்டதற்குச் சுருக்கமாக. பொது இடத்தில் நின்று கட்டடத்தின் வெளிப்புறத்தைப் படமெடுப்பதைப் பொத்தாம்பொதுவாகத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் தனக்கென்று ஒதுங்கியிருக்கும் நிலையில் உள்ள பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (ஐபிசி) பிரிவு 354சி, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தில் பிரிவு 77. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் சொல்லியாகிவிட்டது. நடைவண்டி சார் செய்வது இதில் எதுவும் இல்லை. ஆனால் அக்கா கேட்டது சட்டக் கேள்வியே இல்லை. கீழே நிற்கிறவன் மனசில் என்ன இருக்கிறது என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது என்கிறார். அதற்கு என்னிடம் செக்‌ஷன் கிடையாது.


நடைவண்டி | செவ்வாய், இரவு 10:20

மொட்டைமாடி, நான் உங்கள் பக்கம் நடப்பதில்லை, வடசேரியோடு திரும்பிவிடுவேன். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கவும் மனசு வரவில்லை. வேறொரு தெருவில் வேறொரு வீட்டுக்காரர் கதவைச் சாத்தியிருப்பார், நான் கவனித்திருக்க மாட்டேன். தட்டுக்குக் கோபம் இல்லை என்று தம்பி சொன்னார். கோபம் யாருக்கு இருந்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

சாப்பிட்டுவிட்டு 214 படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 31 படத்தில் பால்கனி இருக்கிறது. ஆறில் ஆள் இருக்கிறார்கள். ஒன்றில் ஒரு சின்னப் பையன் கம்பிக்குள் மூக்கை விட்டு என்னையே பார்க்கிறான். எடுத்தபோது அவன் என் கண்ணிலேயே படவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 31-ஐயும் அழித்துவிட்டேன். இனிமேல் மொட்டை மாடி மட்டும். பெரிதாக்கி எடுப்பதில்லை. கட்டடப் பேர்ப்பலகை விழுந்தால் வெட்டிவிடுவேன்.


மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 10:41

இந்த இழையில் படம் போடுகிறவர்களுக்கும் அதே விதி. ஆள், துணிக்கொடி, வண்டி எண், கட்டடப் பெயர் இருந்தால் நீக்கப்படும்.


சால்மியா சாயா | புதன், காலை 11:15

குவைத்திலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் கருங்கல். இங்கே நான் இருக்கிற கட்டடத்தில் டிஷ் எல்லாம் தென்மேற்கே பார்க்கும், அரபு சேனல் சாட்டிலைட்கள் அந்தப் பக்கம். நம்ம ஆட்கள் நாலைந்து பேர் மட்டும் ஊர் சேனலுக்காகப் பெரிய தட்டு வாங்கிக் கிழக்கே திருப்பி வைத்திருந்தார்கள். மாடியில் நாற்பது தட்டு ஒரு பக்கம், நாலு தட்டு எதிர்ப்பக்கம். புதுசாக வேலைக்கு வந்தவன் மாடிக்குப் போனால், எந்த மாடியில் நம்ம ஆள் இருக்கிறான் என்று வயரைப் பிடித்தே கண்டுபிடித்துவிடலாம். நான் அப்படித்தான் ஒரு இரணியல்காரரைக் கண்டுபிடித்தேன். இன்றைக்கும் ஒரே அறையில்தான் இருக்கிறோம். இப்போது எல்லாம் போனில் வந்துவிட்டது, நாலு தட்டும் காற்றுக்கு ஆடிக்கொண்டு நிற்கிறது.

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு யோசித்தேன். நான் வயரைப் பிடித்துப் போய்க் கதவைத் தட்டியதும் ஒருவகையில் அதேதான். அவர் திறந்து சாயா போட்டுக் கொடுத்தார், அதனால் நல்ல கதையாகிவிட்டது.


கடுக்கரை ஓடு | புதன், இரவு 7:30

டிஷ்ஷுக்கு முன்னால உள்ள கதையை யாராவது எழுதுவாங்கன்னு பார்த்தேன், ஒருத்தரும் எழுதல. அப்போ நான் எழுதுறேன்.

80-களில் எங்க ஊர்ல மீன்முள் ஆன்டெனா. மூங்கில் போதாதுன்னு ஜிஐ பைப்பை ஒண்ணுக்கு மேல ஒண்ணு சொருகி ஏத்துவாங்க. சென்னை தூர்தர்ஷன் 1975-லேயே வந்தாச்சு, ஆனா எங்களுக்கு எங்கே கிடைக்கும்? 1982-ல ரெண்டு சங்கதி நடந்துச்சு. இலங்கையில ரூபவாகினி டிவி பிப்ரவரியில தொடங்கினாங்க, அதே வருசம் திருவனந்தபுரத்துலயும் தூர்தர்ஷன் வந்துச்சு. அதுல இருந்து ஆன்டெனாவுக்கு ரெண்டு திசை. வடமேற்கே திருப்பினா திருவனந்தபுரத்துக் குடப்பனக்குன்னு நிலையம், கிழக்கே திருப்பினா கடல் தாண்டி இலங்கை. கிரிக்கெட்டுன்னா கிழக்கே, மலையாளப் படம்னா வடமேற்கே. எங்க அப்பா மாடில நின்னு பைப்பைத் திருப்புவார், நான் ஜன்னல்ல நின்னு "வந்துச்சு… போச்சு… வந்துச்சு… அப்படியே விடுங்க"ன்னு கத்துவேன். அப்பா கையை எடுத்ததும் போயிடும். பாதி ஆட்டத்தை அவர் பைப்பைப் பிடிச்சுக்கிட்டே முடிச்சிருக்கார், ஸ்கோரை நான் கத்திச் சொல்வேன்.

1956-ல நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. ஆன்டெனா மட்டும் ரொம்ப நாள் சேரல. மழைமேகம் இருக்கிற நாள் எங்களுக்கு இலங்கை சென்னையைவிடப் பக்கம்.

பொறவு 90-களில் பெரிய குடை வந்துச்சு, பத்தடி, பன்னிரண்டடி வலை. கேபிள்காரர் வீட்டு மாடில மட்டும் இருக்கும், ஊருக்கு ஒண்ணு ரெண்டு. தோவாளைப் பக்கம் ஒரு வீட்டுல அந்தக் குடை இன்னும் இருக்கு, கீழ இறக்கித் தோட்டத்துல மல்லாத்திப் போட்டு, பிச்சிக்கொடி படர விட்டிருக்காங்க. காலைல அந்த வலை நிறையப் பூ. நடைவண்டி அண்ணே, எடுக்கணும்னா அதை எடுங்க, வீட்டுக்காரம்மா கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.


தக்கலை மீட்டர் | புதன், இரவு 9:55

கடுக்கரை அண்ணே, "அப்படியே விடுங்க" எங்க காலத்துலயும் உண்டு. சிக்னல் பார்க்கிற மீட்டர் கையில இருந்தாலும் வீட்டுக்காரர் கீழ நின்னு கத்தத்தான் செய்வார்.

திருப்புறதுன்னதும் ஓர்மை வருது. 2010 ஜூலைல 93.5-ல நின்ன இன்சாட் 4பி சாட்டிலைட்டுல சோலார் பேனல் பக்கம் கரண்ட் கோளாறு. சேனலைக் கீழ அனுப்புற டிரான்ஸ்பாண்டர்ல பாதியை அணைச்சிட்டாங்க. அந்தச் சாட்டிலைட்டை நம்பியிருந்த வீடுகள்ல டிவி போச்சு. 91.5-ல உள்ள மீசாட்டுக்குத் திருப்பணும். ரெண்டே ரெண்டு டிகிரி. கையால தொட்டா தெரியாத அளவு, ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் போகணும். காலை ஆறு மணிக்கு இறங்கினா ராத்திரி பத்து. அந்த மாசம் நான் ஏறின ஏணியை அடுக்கினா மருத்துவாழ்மலை உயரம் வரும். ஒரு பாட்டி, "வானத்துல கெட்டுப்போனா நீ என்னத்துக்குலே மாடில ஏறுக?"ன்னு கேட்டா. இன்னைக்கும் பதில் தெரியல.

மார்ச் மாசமும் செப்டம்பர் கடைசியிலயும் இன்னொரு கூத்து உண்டு. சூரியன் சரியா சாட்டிலைட்டுக்குப் பின்னால வந்து நிக்கும். காலை பத்து மணி சுமாருக்கும் நண்பகலுக்கும் நடுவுல, ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு நேரம். நாலைஞ்சு நாள், தினம் கொஞ்ச நிமிசம் படம் உடைஞ்சு போகும். சூரியனோட இரைச்சல்ல சிக்னல் அமுங்கிடும். ஆபீஸ்ல போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். "பத்து நிமிசம் பொறுங்க, சூரியன் நகர்ந்திடும்"னு சொன்னா, கேலி பண்ணுகேன்னு ஏசுவாங்க. அண்ணாச்சி, படம் எடுக்க அந்த நாள் நல்ல நாள். அந்த நிமிசம் அந்தக் கம்பெனித் தட்டு எல்லாம் நேரா சூரியனைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கும்.


வில்லுக்குறி வெயில் | புதன், இரவு 10:15

இஸ்ரோவுக்குத் தலைவரா சிவன், நாராயணன்னு ரெண்டு பேரைக் கொடுத்த மாவட்டம். நமக்கு மாடில தட்டு எந்தப் பக்கம் பார்க்குன்னு தெரிய இப்படி ஒரு இழை வேண்டியிருக்கு.


நடைவண்டி | வெள்ளி, காலை 8:05

இரண்டு நாள் காலை நடை போனேன். ஆறரை மணிக்கு, வடசேரி சந்தைக்குக் கிழக்கே தள்ளி, தம்பி சொன்ன ஒன்றரை மடங்கு தூரம். முகம் கிடைத்தது! ஒன்பது தட்டு வரிசையாக, ஒவ்வொன்றிலும் வெயில். சாய்வை வைத்துக் கணக்கெடுத்தேன்: மூன்று நன்றாக மல்லாந்தது, நாலு நடுத்தரம், இரண்டு நிமிர்ந்தது. தெருவில் தண்ணி லாரிக்குக் காத்திருந்த ஒருவர் என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "அதுல பாதி ஓடல சார், எங்க வீட்டுல நெட்டு வந்து மூணு வருசமாச்சு"ன்னார். எது அவருடையது என்று காட்டினார். அதில் ஒரு மைனா இருந்தது.

அவர் கேட்டதும் நல்லதாகப் போயிற்று. இனிமேல் எடுப்பதற்கு முன்னால் கீழே நிற்கிற யாரிடமாவது சொல்லிவிட்டு எடுப்பது என்று வைத்திருக்கிறேன். யாரும் இல்லை என்றால் எடுக்காமல் நடப்பேன். சர்க்கரைக்கு நடைதான் மருந்து, படம் இல்லை.

ஒன்று கேட்கணும் தம்பி: ஓடாத தட்டை ஏன் யாரும் கழற்றுவதில்லை?


தக்கலை மீட்டர் | வெள்ளி, காலை 9:20

யாரு கழத்துவா? பாக்ஸைக் கேட்டு வாங்கினாலும் தட்டைத் தேடி எவனும் மாடி ஏற மாட்டான், ஏணிக்கூலி கட்டாது. வீட்டுக்காரருக்கு அது கண்ணுல படுறதே இல்ல. வாடகைக்கு இருந்தவன் வீட்டை மாத்தும்போது பாக்ஸை எடுத்துக்கிட்டுத் தட்டை விட்டுட்டுப் போவான், புதுசா வந்தவன் பக்கத்துலயே இன்னொண்ணு மாட்டுவான். அப்படித்தான் எட்டு வீட்டுக்குப் பதினேழு தட்டு வரும். ஆக்கர் கடையில, பழைய இரும்புக்குப் போட்டாலும் எடை நிக்காது, வெறும் தகரம். ஆனா சுவர்ல அடிச்ச ஆங்கர் போல்டு துருப்பிடிச்சு ஊதி, அந்த ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்கும். மேல்மாடில சீலிங் ஊறுதுன்னா முதல்ல அங்க பாருங்க. நமக்கு ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல ஒரு மழை. சுவர் காயவே நேரம் கிடையாது.


குளச்சல் உப்பு | வெள்ளி, மதியம் 1:00

நாங்க ஒரு தட்டைக் கோழிக்குத் தண்ணி வைக்க வச்சிருக்கோம். பெயின்ட் போனதும் அதையும் உப்பு தின்னுடும்.


மொட்டைமாடி | சனி, இரவு 9:40

சீலிங் ஊறல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் நாலாவது மாடிக்காரர்கள் இரண்டு வருஷமாகச் சங்கக் கூட்டத்தில் சண்டை போடும் விஷயம் அது. தண்ணீர்த் தொட்டிதான் காரணம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று சாயங்காலம் சாவி வாங்கிக்கொண்டு மேலே போனேன். இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில் மூன்றாவது தடவை.

பன்னிரண்டு வீடு. இருபத்தொரு தட்டு. வயர் முழுதாகக் கீழே போவது ஆறு. மிச்சமெல்லாம் வெட்டி விட்ட வயரோடு நிற்கிறது. எல்லோருக்கும் தென்கிழக்கு மூலைதான் வேண்டியிருந்திருக்கிறது. அந்த மூலையில் மட்டும் பதினொன்று, சுவரில் இருபதுக்கு மேல் ஓட்டை. அதற்கு நேர் கீழேதான் ஊறுகிறது. எங்கள் செயலாளர் வாஸ்து பார்க்கிறவர். அக்னி மூலையில் தண்ணீர் இறங்குகிறது என்றதும் அவருக்கு முகமே மாறிவிட்டது. இரண்டு வருஷமாக என்ஜினீயர் சொல்லி நடக்காதது அந்த ஒரு வார்த்தையில் நடந்தது. வரும் ஞாயிறு ஓடாத பதினைந்தையும் கழற்றுவது என்று முடிவு.

நடைவண்டி சார், கழற்றுவதற்கு முன்னால் எடுக்க வேண்டுமென்றால் அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு வாருங்கள். கீழே ரோட்டில் நிற்க வேண்டாம், மேலே வந்தே எடுக்கலாம். முகவரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன். என் பால்கனி மேலிருந்து தெரியாது, பார்த்துவிட்டேன். நான் முன்பு சொன்னதில் ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.


நடைவண்டி | சனி, இரவு 9:58

வருகிறேன் அம்மா. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.


வில்லுக்குறி வெயில் | சனி, இரவு 10:04

ஆக, படம் எடுக்கப் போன ஆளுக்கு வீட்டுக்குள்ளயே அழைப்பு. சிசிடிவி பத்தி நான் கேட்டதுக்கு மட்டும் இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.


தக்கலை மீட்டர் | சனி, இரவு 10:30

அக்கா, பதினைஞ்சு தட்டை ஒரு நாள்ல கழத்தணும்னா ஆள் தெரிஞ்சவனா இருக்கணும். நான் வாறேன், கூலி வேண்டாம், மேலே சாயா மட்டும். ஸ்பேனரை நம்பாதீங்க, அந்த போல்டு திரும்பாது. கிரைண்டர் கொண்டு வாறேன், மாடில பிளக் பாயின்ட் இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. வெட்டினதும் ஓட்டையை அன்னைக்கே அடைக்கணும், ஒரு சின்ன மூட்டை சிமென்டும் வாட்டர் புரூஃப் கலவையும் வாங்கி வையுங்க. ஓடுற ஆறுல எது எந்த வீட்டுக்குன்னு முதல்ல சாக்பீஸ்ல எழுதிப் போடணும். இல்லன்னா எவனாவது சீரியல் நேரத்துல நம்மளை ஏசுவான்.


மொட்டைமாடி | சனி, இரவு 10:42

பிளக் பாயின்ட் லிஃப்ட் அறையில் இருக்கிறது. நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் தேவைப்படும். சாக்பீஸ் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.